மீன் உருண்டைக்குப் போன நோட்டு

இல்லம்மா, நீ உக்காரு, எடம் இருக்கு. காய்கறிப் பையை மட்டும் அந்தப் பக்கம் வச்சுக்கோ. இந்தப் பக்கம் சாயாத, என் சட்டைப் பையில ஒண்ணு இருக்கு, கசங்கிடும். ஏற்கனவே கசங்கினதுதான், இன்னும் கசங்க வேணாமேன்னு பாக்கறேன். நான் சத்தம் போட்டது உன்னைப் பாத்து இல்ல. தானாப் பேசிட்டு வரேன். காலையிலேர்ந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னு ஒருத்தரும் பதில் சொல்லல, அப்ப நான் தானாத்தானே பேசிக்கணும்?

நீ தீவுக்காரியா? பொறந்ததே அங்கதானா? நல்லதாப் போச்சு. ச்சுங் ச்சாவ்ல நான் கால் வச்சு ஏழு வருஷம் ஆச்சு. சுத்திப் பாக்கவா? எனக்கு வேற வேலை இல்ல பாரு! ஞாயித்துக்கிழமையானா பாதி ஹாங்காங் அங்கதான் சைக்கிள் மிதிக்குது, அதுல நானும் போயி இடிபடணுமா? நான் போறது என் பொண்டாட்டியக் கையும் களவுமாப் பிடிக்க.

அட, அப்படிப் பாக்காத. நீ நெனைக்கிற மாதிரி விஷயம் இல்ல. அவளுக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி வலி வேற. இவ என்ன ஓடியா போவா? ஓடறதா இருந்தா எனக்கும் நிம்மதிதான்.

வேகப் படகா? ஆமா, அதுல ஏறியிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன். படகுத்துறையில கால் தானா இந்தப் பக்கம் வந்து ஏறிடுச்சு. மெதுவாப் போனா இந்தக் கிழவனுக்குக் கோவம் ஆறிடும்னு நெனச்சுதோ என்னமோ என் கால். ஆறாது. நீ வேணா பாரு.

இதுவா? முட்டை டார்ட், இனிப்புதான். டீக்கடையில மிஞ்சிப் போச்சு, தூக்கிப் போட மனசு வரல. எடுத்துக்கறியா? வேணாமா, சரி.

என் பேரு யிப். லிஃப்ட் ரிப்பேர் பாத்து ரிட்டயர் ஆனவன். இப்ப நோட்டு சேக்கறேன். புழங்கற நோட்டு இல்லம்மா, அது சேந்தாத்தான் என் பொண்டாட்டி பிடுங்கிக்கறாளே. நினைவு நோட்டு, நினைவுப் பதக்கம். பேங்க்குக்கு வயசாயிடுச்சுன்னு ஒரு நோட்டு அடிப்பான், எங்கயாவது பாலம் கட்டினா ஒரு பதக்கம் அடிப்பான், அதெல்லாம். சிரிக்காத. உங்க தீவுல திருவிழான்னு மூங்கில் கோபுரத்து மேல ஏறி நடுச்சாமத்துல பன்னு பறிக்கிறீங்களே, அதுக்கு நான் என்னிக்காவது சிரிச்சேனா?

ஞாயித்துக்கிழமை காலையில ஷாம் ஷுய் போவுல ஒரு டீக்கடை மாடியில நாங்க அஞ்சாறு கிழவனுங்க கூடுவோம். இறால் கொழுக்கட்டையெல்லாம் தின்னு முடிச்சு, மேஜையைத் துடைச்சு, கோப்பையெல்லாம் எட்டத் தள்ளி வச்ச அப்புறம்தான் வெள்ளைக் கையுறை வெளிய வரும். யாருக்குப் புதுசா என்ன கிடைச்சுதோ அதை நடுவுல வைக்கணும். வைக்கிறவன் அது தன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு ஒளிக்காம சொல்லணும். எந்தக் கடை, யார் கையில இருந்தது, அவங்க கைக்கு எப்படிப் போச்சு, எல்லாத்தையும். சொல்ல முடியலன்னா சாமானைத் திரும்பப் பையில போட்டுட்டுப் பேசாம டீயக் குடின்னு சொல்லிடுவோம். திருட்டுச் சாமான் எங்க மேஜைக்கு வரக்கூடாதுன்னு நான்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தேன். நான் கொண்டு வந்த சட்டம் இன்னிக்கு என் கழுத்தையே பிடிச்சுது.

கேளு. என்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. ஒரு பேங்க் தன்னோட ஆண்டு விழாவுக்கு அடிச்ச நூறு டாலர் நினைவு நோட்டு. அந்த நோட்டு ஊருல ஆயிரம் பேர்கிட்ட இருக்கு. என்னுது மாதிரி நம்பர் வேற எவன்கிட்டயும் இல்ல. எட்டு நாலு, சைபர் நாலு, சைபர் நாலு.

பாத்தியா, நீயும் மூஞ்சியச் சுளிக்கிற! நாலுன்னு சொன்னா போதும், சாவுன்னு காதுல விழுந்துடும் உங்களுக்கெல்லாம். எத்தனை கட்டடத்துல நாலாவது மாடியே இல்லாம மூணுக்கு மேல அஞ்சுன்னு லிஃப்ட்டுக்கு நானே பட்டன் வச்சிருக்கேன் தெரியுமா? எங்க மேஜையிலயும் அதே கூத்துதான். எல்லாரும் எட்டு வேணும், எட்டெட்டா வேணும்னு அலையறப்ப நான் மட்டும் மூணு நாலு இருக்கற நோட்டைத் தேடி அலைஞ்சேன். கடை கடையா ஏறி எறங்கினேன், மக்காவ் வரைக்கும் போயி ஒருத்தன் வாசல்ல நின்னேன். பாங் கேப்பான், ஏன்யா யிப், சவப்பெட்டிக்குள்ள போட்டு அனுப்பவா இந்த நோட்டுன்னு. கேட்டுட்டுப் போகட்டும்னு இருந்தேன். கிடைச்ச அன்னிக்கு யார்கிட்டயும் எதுக்குன்னு சொல்லல. கதை சொன்னேன், காரணம் சொல்லல. காரணம் சொல்லணும்னு சட்டம் கிடையாது.

பாங் யாரா? அவன் ஒருத்தன். மருந்துக்கடை முதலாளி. கடைய மகன்கிட்ட விட்டுட்டு இப்ப தீவு தீவாப் போயி கடைக்காரங்களோட கல்லாப் பெட்டியக் கிளறறதுதான் வேலை. வேற நோட்டு குடுத்து நல்ல நம்பரா மாத்திக்கிறது. வெக்கம் கெட்டவன். நானும் அதைத்தான் செய்யறேன், அது வேற.

இந்தப் புது வருஷத்துக்கு அஞ்சாம் நாள், ஆல்பத்தைத் தொறந்து பாக்கறேன், கடைசிப் பக்கத்துல கண்ணாடி உறை இருக்கு, உள்ள நோட்டைக் காணோம். வீட்டையே கவுத்துப் போட்டேன். அரிசி டப்பாவுக்குள்ள கூடக் கைய விட்டுத் துழாவினேன். என் வீட்டுக்காரி யூக் லின், அவ பாட்டுக்குக் கீரை ஆஞ்சுட்டு உக்காந்திருக்கா. ஆஞ்சு முடிச்சுட்டுச் சொல்றா, புது வருஷக் காசு வச்சுக் குடுக்கற சிவப்பு உறைக்குப் புது நோட்டு பத்தல, பேங்க்ல வரிசை தெருவையே சுத்திட்டு நின்னுச்சு, முட்டி வலியோட நிக்க முடியல, உங்க ஆல்பத்துல ஒண்ணு புதுசா மொறமொறன்னு இருந்துச்சு, எடுத்து வச்சுக் குடுத்துட்டேன், யாருக்குப் போச்சோ ஞாபகம் இல்லன்னு. எப்படி இருக்கு? ஏதோ கொத்தமல்லி தீந்து போச்சுங்கற மாதிரி சொல்றா!

அப்புறம் நான் பட்ட அவமானத்தைக் கேளு. எங்க கட்டடத்து வாட்ச்மேன்கிட்டப் போயி, குடுத்த சிவப்பு உறையத் திருப்பிக் காட்டுய்யான்னு கேட்டேன். புது வருஷமும் அதுவுமா! குடுத்ததைத் திரும்பக் கேக்கற ஆள இந்த ஊர் பாத்திருக்கா? குப்பை அள்ற அம்மாகிட்டக் கேட்டேன். எதுத்த வீட்டுப் பசங்க ரெண்டு பேர்கிட்டக் கேட்டேன், அதுங்க அழுதுடுச்சுங்க. இப்ப லிஃப்ட்ல என்னோட ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க. அந்த லிஃப்ட்டை மாசாமாசம் பழுது பாத்தவன் நான். இவ்வளவையும் கதவுப் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தாம்மா அவ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, இன்னிக்குக் காலையில வரேன். போன வாரம்தான் எனக்கு ஒரு பதக்கம் கிடைச்சிருந்துச்சு. பழைய விமான நிலையத்தை மூடினப்ப நினைவுக்கு அடிச்ச வெள்ளிப் பதக்கம். மாடியில காயற துணிய உரசிட்டு விமானம் எறங்குமே, ஞாபகம் இருக்கா? அது அப்படியே அதுல இருக்கும். பெட்டியோட, ஒரு கீறல் இல்லாம. அங்க சாமான் தூக்கின ஒருத்தர்கிட்டேர்ந்து, அவரு எங்கயோ தூரத்துல இருக்கற மகன் வீட்டுக்கே போயிடறாருன்னு, என் கைக்கு வந்துச்சு. பாங் இந்தப் பதக்கத்துக்கு நாக்கத் தொங்கப் போட்டுட்டு எத்தனை வருஷமா அலையறான் தெரியுமா? இன்னிக்கு அவன் வயிறு எரியணும்னுதான் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிட்டுப் போனேன்.

வச்சேன். சுத்தி வந்துச்சு. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. பாங் மட்டும் இளிச்சுட்டே, எனக்கும் புதுசா ஒண்ணு கிடைச்சுது யிப், நீ பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவேன்னு சொல்லி ஒரு உறையப் பிரிச்சான்.

என் நோட்டு.

நாலா மடிச்சு, நடு மடிப்புல நைஞ்சு, ஒரு ஓரத்துல மஞ்சளாக் குழம்புக் கறை. அந்தக் கறையில ஒரு கட்டைவிரல் ரேகை. இத்தனூண்டு. கையுறை போடாமத் தொட்டாலே நாங்க அடிக்கப் போவோம், இது குழம்புக் கையோட தொட்டது. மேஜையே கொல்லுன்னு சிரிச்சுது. இத்தனை வருஷம் கூட உக்காந்து டீ குடிச்சவனுங்க சிரிக்கறானுங்கம்மா!

கதையச் சொல்லுடான்னேன். சட்டம் சட்டம்தானே. சொன்னான், நல்லா நிறுத்தி நிதானமா, சொட்டுச் சொட்டா விட்டுச் சொன்னான். உங்க தீவுல மீன் உருண்டைக் கடை, அதான் அந்தக் கோயிலுக்குப் போற வழியில வரிசை நிக்குமே, அங்க கல்லாவக் கிளறியிருக்கான். கடைக்காரம்மா சொன்னாளாம், ஒரு பொடிசு வந்துச்சு, அஞ்சு வயசு இருக்கும், முன்பல்லு ஒண்ணு இல்ல, கையில ஒரு சைக்கிள் மணிய வச்சு கிணிங் கிணிங்னு அடிச்சுட்டே வந்து சிவப்பு உறைய அப்படியே என் முன்னாடி நீட்டி, இதுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு மீன் உருண்டை குடுன்னுச்சுன்னு. முதல்ல ஒரு குச்சி உருண்டை தின்னுட்டு, அந்தக் கையோட நோட்டை எடுத்துக் குடுத்திருக்கு. மீதிச் சில்லறைய உறையில போட்டு அனுப்பினாளாம். பாங் சொல்றான், யிப்போட பொக்கிஷம் மீன் உருண்டைக்குப் போயிடுச்சுய்யா, அதுவும் நல்ல காரசாரமானதுக்குன்னு. மறுபடியும் சிரிப்பு.

அடிச்சேனா? இல்ல. அடிச்சிருக்கணும். எனக்கு அந்த மணிச் சத்தத்துலயே காது அடைச்சுப் போச்சு. பாங், இதுக்கு என்ன வேணும்னு கேட்டேன். அவன் என் பதக்கத்தைப் பாத்தான். நான் தள்ளி விட்டேன். அவ்வளவுதான். பேரம் பேசல, ஒண்ணும் பேசல. ஒருத்தன், யிப்புக்கு மூளை கலங்கிடுச்சு, கறை படிஞ்ச நோட்டுக்கு எவனாவது வெள்ளிப் பதக்கத்தைக் குடுப்பானான்னான். இன்னொருத்தன் நல்லவன் மாதிரி, கறையத் தொடச்சு, சூடு காட்டி நிமித்திடலாம்யான்னு கைய நீட்டினான். தொட்டே, வெட்டிடுவேன்னேன். அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு.

பஸ்ல வரப்பதான் எனக்கு உறைச்சுது. என் ஆல்பத்துல அதே மாதிரி நூறு டாலர் நோட்டு வரிசையா இருக்கும்மா. எல்லாமே மொறமொறன்னுதான் இருக்கு. எட்டெட்டா இருக்கற நோட்டு முதல் பக்கத்துலயே சிரிச்சுட்டு இருக்கு. அவ கை அதைத் தொடல. பக்கம் பக்கமாப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்குப் போயி, அந்த ஒண்ணை மட்டும் உருவியிருக்கு. பேங்க்ல வரிசையாம்! முட்டி வலியாம்! நாப்பத்திரெண்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவளுக்கு எந்த நோட்டு என்னன்னு தெரியாதா? எனக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்த ஒரே ஆளு அவதான், அவளுக்குத்தான் நான் சொல்லாமலே தெரியும்.

ஞாயித்துக்கிழமையானா நான் டீக்கடைக்கு, அவ தீவுல தின் ஹாவ் கோயிலுக்கு. வருஷக்கணக்கா இப்படித்தான். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை வேற, முட்டி வலியோட கடல் தாண்டிப் போயி சாமி கும்பிடறாளேன்னு. ஒருதடவ அவ பையில இத்தனூண்டு காலுறை ஒண்ணு இருந்துச்சு. கேட்டேன். கூட வர்றவளோட பேத்தியுதுன்னா. நானும் சரின்னுட்டு டிவியப் பாத்தேன். எத்தனை சுலபமா ஏமாத்தியிருக்கா பாரு!

உனக்கு அந்த சைக்கிள் கடை தெரியுமா? படகுத்துறையிலேர்ந்து எடது பக்கம் கோடியில, பச்சைக் கதவு போட்டு... ஆங், அதேதான். வாடகைக்கு விட்டு ரிப்பேரும் பாக்கறான். தெரியாம எப்படி, ஒரே தெருதானே உங்களுக்கு. அவன் நல்லவன்னு சொல்லாத. நல்லவனோ கெட்டவனோ எனக்குத் தேவையில்ல. பேங்க்ல வேலை பாத்த பொண்ணும்மா அவ. லோக் யீ. என் பொண்ணு, ஒரே பொண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள் மிதிக்கப் போறேன்னு போனவ, செயின் கழண்டு போச்சாம், மாட்டிக் குடுத்தவனையே கட்டிக்கறேன்னு வந்து நிக்கறா. வீட்டு வாசல மிதிக்காதேன்னேன். நான் சொன்னேந்தான். ஆனா நான் சொல்றத என்னிக்குக் கேட்டிருக்கா அவ? படின்னா படிக்க மாட்டா, சாப்பிடுன்னா சாப்பிட மாட்டா, குடை எடுத்துட்டுப் போன்னா நனைஞ்சுட்டு வருவா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ நான் சொன்னதக் கேட்டா, அது இது! வேற எதுவும் கிடைக்கலையா அவளுக்குக் கேக்கறதுக்கு?

நம்பரா? அதான் சொன்னேனே. எண்பத்தி நாலாம் வருஷம், நாலாம் மாசம், நாலாம் தேதி. பொறந்த அன்னிக்கு ஊரே முன்னோரோட கல்லறையக் கூட்டிக் கும்பிடப் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒரு கிழவி சொன்னா, இத்தனை நாலோட பொறந்திருக்கு, பாத்துக்கோன்னு. பாத்துக்கறேன்னு சொன்னேன். அதைத்தான் தேடி எடுத்து வச்சிருந்தேன். வேற எதுவும் இல்ல என்கிட்ட அவளுது. போட்டோவெல்லாம் அவளே எடுத்துட்டுப் போயிட்டா, போக்கிரி.

பாங் சொன்னதுல ஒரு வார்த்தைய உன்கிட்ட விட்டுட்டேன். இதை யாரு உனக்குக் குடுத்தா கண்ணுன்னு மீன் உருண்டைக்காரம்மா கேட்டதுக்கு, அந்தப் பொடிசு, என் பாட்டின்னு சொல்லுச்சாம். அஞ்சு வயசும்மா! அஞ்சு வயசு! பல்லு மொளைச்சு, அந்தப் பல்லு விழுந்தும் போச்சு. மீன் உருண்டை விக்கிறவளுக்குத் தெரிஞ்சிருக்கு, பாங்குக்குக் கூடத் தெரிஞ்சு போச்சு, இந்தக் கப்பல்ல காய்கறி வாங்கிட்டுப் போற உனக்குத் தெரியுது. எனக்கு ஒருத்தி சொல்லல! ஆளுக்கொரு பக்கம் என்னை வச்சு வேடிக்கை பாத்திருக்காங்க!

இன்னிக்கு விடறதா இல்ல. போயி நல்லாக் கேக்கப் போறேன். அவ அங்கதான் உக்காந்திருப்பா, முட்டி வலிக்காரி, கதவைத் தொறந்த உடனே அவ மூஞ்சி போற போக்கப் பாக்கணும்.

சட்டைப் பையிலயா? அதான், நோட்டுதான். உறை இப்ப வாங்கினது, படகுத்துறைக் கடையில. சிவப்புதான். வேற என்ன கலர்ல வைக்கச் சொல்ற? புது வருஷத்துக்குப் புள்ள கையில குடுத்தது, அதைத் திரும்ப எடுத்து ஆல்பத்துல வச்சுக்க நான் என்ன வாட்ச்மேன்கிட்டக் கேட்ட அதே ஆளா? ஆமா, அதே ஆளுதான், சரி. புது வருஷம் பொறந்து பதினஞ்சு நாளுக்குள்ள குடுத்தாத்தான் சிவப்பு உறை, இன்னியோட கடைசி. அதனாலதான் இந்த அவசரம், வேற ஒண்ணும் இல்ல. மறுபடியும் மீன் உருண்டை வாங்கினா வாங்கட்டும், எனக்கென்ன வந்துச்சு. அந்தக் கடை எங்க ஓடிப் போயிடப் போகுது.

டார்ட் சூடா இருக்கா? ஆமா, சூடாத்தான் இருக்கும். மிஞ்சினதுன்னா சூடா இருக்கக் கூடாதா? உனக்கு ஏம்மா இவ்வளவு துருவல்?

இஞ்சினை நிறுத்திட்டான் பாரு. கரை வந்துடுச்சா? அதுக்குள்ளயா? இரு இரு, எறங்காத, ஒரு நிமிஷம். உறையக் குடுக்கறப்பக் கூப்பிட்டுத்தானே குடுக்கணும். ஏய்னு கூப்பிட்டா ஓடிப் போயிடும். அந்தக் கறை நோட்டோட நம்பரை என்னை எழுப்பிக் கேளு, சொல்லுவேன். புள்ள பேரு தெரியல எனக்கு. நீ ஒரே தெருக்காரி, உனக்குத் தெரிஞ்சிருக்குமே. என்ன பேரு வச்சிருக்காங்க?

என்ன? சரியாக் கேக்கல. இந்த இஞ்சின் சத்தத்துல... ஆமா, நிறுத்திட்டான்தான். இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லும்மா.